முதற் பட்டதாரியார்

கல்வியாண்டு ஒன்று நிறைவுறுங்கால் மாணவர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுவது இயல்பு. இவ்வாண்டிற் கற்றது யாது என்பது ஒன்று. கற்றதைக் கொண்டு இனி மேற்கொள்ளும் தொழில் யாது என்பது மற்றொன்று. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்வோரை இரண்டாம் வினா சற்று மிகுதியாகவே வருத்தும். உற்றாரும் ஊராரும் அதனை அடிக்கடி கேட்பர். இவ்வினாக்களுக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்த பெரியார் ஒருவர் உளர். அவரே ராவ்பகதூர் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள்.

இவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி என்னும் ஊரில் 1832-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் வைரவநாத பிள்ளையின் மைந்தராகத் தோன்றினார். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடத்துத் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். பின்னர், அமெரிக்க மிஷனார் 1823-ஆம் ஆண்டில் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்து, ஆங்கிலம், கணிதம், வானநூல், தத்துவம் முதலியவற்றைப் பயின்றார். அக்கலாசாலையில் மேனாட்டுக் கலைகளோடு தமிழும் உரிய இடம் பெற்றிருந்தது. ஒன்றைக் கற்பதற்கு மற்றொன்றைக் கைவிட வேண்டுவதில்லை என்னும் உண்மையை அவர் ஆங்கே இளமையிலேயே உணர்ந்திருத்தல் வேண்டும்.

கல்வி முடிந்தபின் கோப்பாயில் ஆசிரியராக அமர்ந்தார். இருபது வயதைச் சற்றே கடந்த அப்பருவத்திலேயே நீதிநெறி விளக்கத்தை உரையுடன் பதிப்பித்தார். அவருடைய திறமையை அறிந்த பெர்சிவல் பாதிரியார், தாம் சென்னையில் நடத்திவந்த தினவர்த்தமானி என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராக வருமாறு அவரை அழைத்தார். சென்னை வந்த பிள்ளையவர்கள் பத்திரிகைத் தொண்டோடு இராசதானிக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பணியையும் ஏற்றார்.

1857-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பெற்றது. அந்நாளில் அது தானே பாடம் நடத்தவில்லை. பரீட்சை வைத்துப் பட்டம் அளிப்பதையே தன் தொழிலாகக் கொண்டிருந்தது. வழிகாட்டுதற்கு முன்சென்ற பட்டதாரி ஒருவரும் இலர். அத்தகைய நிலையில், பிழைப்புக்குரிய வேலையையும் பார்த்துக்கொண்டு, பி. ஏ. பரீட்சைக்குத் தம்மை ஆயத்தஞ் செய்துகொண்டார் பிள்ளையவர்கள். முதன்முதல் அப்பட்டம் பெற்றோர் இருவர். ஒருவர் தாமோதரம் பிள்ளை. மற்றவர், வட்டுக்கோட்டைத் தொடர்பே உடையவரும் வயதில் மூத்தவருமான கறல் விசுவநாத பிள்ளை. சர்வகலாசாலையின் பட்டதாரி வரிசையைத் தொடங்கிவைத்தவர் இருவரும் ஒரு மிஷன் கலாசாலையின் வளர்ப்பினர் என்பது நம்மனோர் நினைந்து மகிழ்தற்குரியது.

பட்டம் பெற்றபின் அவருக்கு உத்தியோகங்கள் வந்தெய்தின. கள்ளிக்கோட்டையில் ஆசிரியராயிருந்தார், சென்னையில் அரசாங்கக் கணக்குத் துறையில் உயர்பதவி வகித்தார். 1871-ஆம் ஆண்டில், முப்பத்தெட்டு வயதளவில், பி. எல். பரீட்சையிலும் தேறினார். பின்னர்க் கும்பகோணத்தில் வழக்கறிஞராக விளங்கினார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்தார். இவ்வளவோடு நின்றிருப்பாராயின், அக்காலத்து உத்தியோகஸ்தர் பலருள் ஒருவராக அவரும் மறக்கப்பட்டிருப்பார்.

அவரை நிலைநிறுத்தியது அலுவல் முடிந்தபின் அவர் செய்த வேலையே. பழந்தமிழ் நூல்கள் பனையோலைகளிற் கிடந்து செல்லுக்கு இரையாகிக்கொண்டிருந்த காலம் அது. எடுக்கும்போதே ஓரம் உதிர்வதும், கட்டை அவிழ்க்கும்போதே இதழ் முறிவதும் கண்டு அவர் பெரிதும் வருந்தினார். எஞ்சிய ஏடுகளை வாசிப்பதும் எளிதன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. செய்யுள் எது, உரை எது என்று பிரித்துக் காட்டும் அடையாளமும் இல்லை. படியெடுத்தோர் பிழைகள் இவற்றின்மேலும். பல பிரதிகளைத் தேடித் தொகுத்து ஒத்துநோக்கியே உண்மைப் பாடத்தைத் துணிய வேண்டும்.

1868-ஆம் ஆண்டில், ஆறுமுக நாவலர் பரிசோதித்தளித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை அவர் பதிப்பித்தார். நாவலர் 1879-ஆம் ஆண்டில் மறைந்தபின், அப்பெருஞ்சுமையைத் தாமே தாங்கினார். 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் அகப்பொருள், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் என நூல்கள் அடுத்தடுத்து அச்சேறின. கலித்தொகை வெளிவந்த ஆண்டே அவர் நீதிபதியாக அமர்ந்த ஆண்டுமாகும் என்பது கருதத்தக்கது.

குறையொன்றும் இல்லாத பதிப்புக்கள் இவை என்று கூறுதல் பொருந்தாது. பொருளதிகாரம் முழுமைக்கும் உரை நச்சினார்க்கினியருடையதே எனக்கொண்டு அவர் வெளியிட்டார். மெய்ப்பாட்டியல் முதலிய பின்னான்கு இயல்களுக்கும் ஆங்கு அமைந்த உரை பேராசிரியருடையது எனப் பிற்கால அறிஞர் ஆராய்ந்து கண்டனர். எனினும், அவர் அச்சிட்டு அளித்ததனாலன்றோ அவ்வாராய்ச்சி பலர்க்கும் கைகூடியது? முன்னே செல்பவன் காலில் முள் தைப்பது இயற்கை.

மிஷன் கல்வி பெற்றவராயினும் அவர் சைவ சமயத்தையே தழுவி நின்றார். அதன் பெருமையை நாட்டி நூலும் எழுதினார். கிறிஸ்தவராகிய நாம் அதனை மறைத்துப் பேச வேண்டுவதில்லை. அச்சைவரே பௌத்தர் இயற்றிய வீரசோழியத்தையும் சைனர் இயற்றிய சூளாமணியையும் அழியாது காத்தனர். தம் கொள்கையில் உறுதியும் பிறர் நூலில் நேர்மையும் ஒருவரிடத்தே கூடியிருக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1901-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் பிள்ளையவர்கள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

தமிழ் கற்றவனுக்குத் தொழில் யாது என வினவுவோர்க்கு அவர் வரலாறு கூறும் விடை இதுவே: கணக்கும் சட்டமும் அவருக்கு உணவளித்தன, அவர் தமிழுக்கு உணவளித்தார். சாட்சியங்களை எடைபோட்டு உண்மை காணும் வழக்கறிஞர் பயிற்சி, ஏடுகளின் பாடவேறுபாடுகளைச் சீர்தூக்கவும் உதவியிருக்குமன்றோ? ஆதலின், நம்முள் எவர் எத்தொழிலுக்குச் செல்லினும், ஆசிரியராயினும் அலுவலகத்தாராயினும், நாளில் ஒரு நாழிகையையேனும் கற்ற கல்விக்கென ஒதுக்கி வைப்போமாக. பரீட்சையோடு முடிந்துவிடாத கல்வியே நம் கல்லூரிக்கும் பெருமை தரும்.