தண்ணீரை லென்ஸாக்கிய தாமஸ் சட்டன்

தாமஸ் சட்டன் 1819-ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றபின் ஜெர்சி தீவில் புகைப்பட நிலையம் வைத்தார். புகைப்படக் கலைக்கென 1856 முதல் ஒரு பத்திரிகையும் நடத்தினார்.

பரந்த காட்சி முழுவதையும் ஒரே படத்தில் அடக்க அக்காலத்து லென்ஸ்களால் இயலவில்லை. 1859-ல் சட்டன் அதற்கு வழி கண்டார். தடித்த கண்ணாடியால் உள்ளீடற்ற உருண்டை செய்து, அதில் தண்ணீரை நிரப்பினார். அதுவே லென்ஸ்! 120 டிகிரி அகலத்துக்குக் காட்சி அதில் அடங்கிற்று.

சங்கடம் வேறிடத்தில் இருந்தது. பிம்பம் வளைந்து விழுந்ததால் கண்ணாடித் தகடும் வளைவாகவே இருக்க வேண்டியதாயிற்று. வளைந்த தகட்டில் மருந்தைச் சமமாகப் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவ வேண்டும். தொழில் செய்பவர்கள் அலுத்துக் கொண்டதில் வியப்பில்லை. லண்டன் ராஸ் நிறுவனம் இந்தக் காமிராவைச் செய்து விற்றது, வாங்கியவர்கள் சிலரே.

1861-ல் விஞ்ஞானி மாக்ஸ்வெல்லின் வண்ணப்பட சோதனைக்குக் கட்டம் போட்ட நாடா ஒன்றைப் படமெடுத்துக் கொடுத்தவரும் சட்டன்தான். லென்ஸ் காட்டும் காட்சியை உள்ளிருக்கும் நிலைக்கண்ணாடியில் பார்த்து எடுக்கும் காமிராவுக்கும் அதே ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1875-ல் காலமானார்.

அன்று விலை போகாத தண்ணீர் லென்ஸ் காமிராக்களில் எஞ்சியவை மிகச் சில. பழங்காமிரா சேகரிப்போர் இன்று அவற்றுக்குப் பெருந்தொகை கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.