ஜேம்ஸ் வாட் பட்ட பாடு

யோசனை பிறந்தது ஒரே நாளில். எந்திரம் ஓடியது 11 ஆண்டு கழித்து!

கடைக்குப் போய் ஒரு பல்பு கேட்கிறோம். எத்தனை வாட் வேண்டும் என்று கடைக்காரர் கேட்கிறார். நாமும் சொல்லிவிட்டு வாங்கி வருகிறோம். அந்த "வாட்" ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

அவர்தான் ஜேம்ஸ் வாட்.

அடுப்பில் கொதிக்கும் கெண்டியின் மூடியை நீராவி தூக்கியதாம். அதைப் பார்த்த சிறுவன் வாட், நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தானாம். இது பள்ளிக்கூடத்தில் நாம் கேட்ட கதை. ஆனால், வாட் பிறப்பதற்கு முன்பே நீராவி எந்திரம் வந்துவிட்டது. நியூகோமன் என்ற ஆங்கிலேயர் 1712-ம் ஆண்டிலேயே அதைச் செய்து, சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க வைத்தார்.

வாட் அந்த எந்திரத்தைத் திருத்தினார். அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல!

ஓர் ஆண்டில் கற்ற தொழில்

ஸ்காட்லாந்தில் கிரீனக் என்ற துறைமுக ஊரில், 1736-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி வாட் பிறந்தார். நோஞ்சான் பிள்ளை. அடிக்கடி தலைவலி வரும். பல நாள் வீட்டிலேயே தாயாரிடம் பாடம் படித்தார். தந்தையின் பட்டறையில் இருந்த கருவிகள்தான் அவருக்கு விளையாட்டுச் சாமான்கள்.

19 வயதில் லண்டனுக்குப் போனார். அளவு பார்க்கும் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்க விரும்பினார். அந்தத் தொழிலில் ஏழு ஆண்டு பயிற்சி பெறவேண்டும் என்பது விதி. வாட்டுக்கு அவ்வளவு வசதி இல்லை. 20 கினி பணம் கொடுத்து, சம்பளம் இல்லாமல் உழைத்து, ஒரே ஆண்டில் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

1757-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவருக்கு ஓர் அறை கொடுத்தது. அங்கே கருவிகள் செய்து விற்றார், பழுது பார்த்தார்.

பழுது பார்க்க வந்த பொம்மை

1763-ம் ஆண்டு குளிர்காலத்தில், நியூகோமன் எந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று அவரிடம் பழுது பார்க்க வந்தது. வாட் அதை ஓட்டிப் பார்த்தார். சில முறை அசைந்தது; நின்றுவிட்டது.

காரணம் என்ன? எந்திரத்தின் உருளைக்குள் நீராவியை விடுவார்கள். பிறகு அதே உருளைக்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சி, நீராவியை மீண்டும் தண்ணீராக்குவார்கள். ஒவ்வொரு முறையும் உருளை குளிர்ந்துபோகும், மறுபடி சூடாக்கவேண்டும். கொதிக்கும் பானையைக் கிணற்று நீரில் இறக்கி, உடனே மறுபடி அடுப்பில் ஏற்றுவதுபோன்ற வேலை! நீராவியில் முக்கால் பங்கு வீணாயிற்று.

1765-ம் ஆண்டு மே மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர்ப் பசும்புல் வெளியில் வாட் உலாவிக்கொண்டிருந்தார். அப்போது யோசனை பளிச்சிட்டது. நீராவியை வேறொரு பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிரவைத்தால் என்ன? உருளை எப்போதும் சூடாகவே இருக்குமே!

கடனும் கண்ணீரும்

யோசனை சரி. அதை இரும்பில் செய்யப் பணம் வேண்டும். வாட் கடனாளியானார்.

ரோபக் என்ற தொழிலதிபர் கடனை ஏற்றுக்கொண்டார். பதிலுக்குக் கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றார். 1769-ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் எந்திரம் ஓடவில்லை. உருளையைச் சரியான வட்டமாகக் கடைந்து கொடுக்க ஆள் இல்லை. இடுக்கில் துணியைத் திணித்துப் பார்த்தார். காகிதத்தைத் திணித்துப் பார்த்தார். நீராவி கசிந்தது.

குடும்பம் நடக்கவேண்டுமே! கால்வாய் வெட்டுவதற்கு நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். மழையிலும் குளிரிலும் மலைப்பகுதிகளில் அலைந்தார். எந்திரம் மூலையில் கிடந்தது.

1773-ல் இரண்டு இடி விழுந்தது. ரோபக் திவாலானார். வாட் தொலைவில் நிலம் அளந்துகொண்டிருந்தபோது, மனைவி மார்கரெட்டின் உடல்நிலை மோசம் என்று செய்தி வந்தது. ஓடோடி வந்தார். பிரசவத்தில் அவர் இறந்துவிட்டிருந்தார்.

கை கொடுத்த கூட்டாளி

பர்மிங்காம் நகரில் மாத்யூ போல்டன் பெரிய தொழிற்சாலை நடத்தி வந்தார். ரோபக் தரவேண்டிய 1,200 பவுனுக்கு ஈடாக, அவருடைய பங்கைப் போல்டன் எடுத்துக்கொண்டார். 1774-ல் வாட் பர்மிங்காம் சென்றார்.

வாட் கவலைப்படுகிறவர், பேரம் பேசவே பயப்படுவார். போல்டன் துணிச்சல்காரர்; வியாபாரம் தெரிந்தவர். இருவரும் சேர்ந்தது நல்ல ஜோடி! பீரங்கிக் குழாய் கடையும் வில்கின்சன் என்பவர் உருளையைச் சீராகக் கடைந்து கொடுத்தார்.

1776-ல் எந்திரங்கள் ஓடின. அப்போது வாட்டுக்கு 40 வயது. பழைய எந்திரத்தைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கினார்கள். ஓர் எந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று கணக்கிட்டு, "குதிரைத்திறன்" என்ற அளவையும் வாட் வகுத்துக் கொடுத்தார்.

அவரிடம் குறை இல்லாமலில்லை. 1800 வரை நீட்டிக்கப்பட்ட காப்புரிமையைக் காட்டி, போட்டியாளர்கள்மீது வழக்குத் தொடர்ந்தார். மற்றவர்கள் எந்திரத்தை மேலும் திருத்துவதற்கு அது தடையாக இருந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு.

மாடி அறை

1800-ல் வாட் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். கை மட்டும் ஓயவில்லை. வீட்டின் மேல்மாடியில் பட்டறை வைத்து, தன் ஆசைக்காகக் கருவிகள் செய்தார். 1819-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி, 83-வது வயதில் காலமானார்.

அந்த அறையை அப்படியே விட்டுவைத்தார்கள். 1924-ல் அதிலிருந்த பொருள்கள் லண்டன் அறிவியல் காட்சிசாலைக்குக் கொண்டுபோகப்பட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உலாவில் பிறந்த யோசனைக்கு, 11 ஆண்டு உழைப்பும், கடனைத் தாங்க ஒருவரும், இரும்பைக் கடைய ஒருவரும், நம்பிக்கை கொடுக்க ஒருவரும் தேவைப்பட்டார்கள். இனி பல்பு வாங்கும்போது, அட்டையில் உள்ள அந்தப் பெயரைக் குழந்தைகளுக்கு ஒருமுறை காட்டுங்கள்.