பண்டிதை ராமாபாய் அம்மையாரும் மனச்சாட்சியின் சுயாதீனமும்



அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்கிற விசுவாசிகளுக்கு ஆயுதபூஜை வந்தாலே ஒரு சங்கடம். மெஷினுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலைப் பொட்டலத்தைக் கையில் கொடுப்பார்கள். ஒருவர் தொடவே மாட்டார். இன்னொருவர் மரியாதைக்கு வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். மூன்றாமவர் ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஆராதிக்க வேண்டுமே! அங்கேதான் முணுமுணுப்பு ஆரம்பம். ஆவடிப் பக்கம் போனால் நகை, பூந்தமல்லிப் பக்கம் போனால் மருந்து, டி.வி. இந்த மாதிரி விஷயத்துக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு ஞாபகத்துக்கு வருகிற ஜீவியம் பண்டிதை ராமாபாய் அம்மையாருடையது.

1858-ல் ஒரு மராத்தி பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் பெரிய சாஸ்திரி. பெண்பிள்ளைக்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுக்கக்கூடாது என்றிருந்த காலத்தில் மனைவிக்கும் மகளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவர். குடும்பமாகவே தீர்த்த யாத்திரை போய்க்கொண்டிருந்தார்கள். 1870-களின் பஞ்சத்தில் தகப்பன், தாய், அக்காள் மூவரையும் ராமாபாய் பறிகொடுத்தார். மிஞ்சினது அண்ணன் ஒருவர்தான். இருவரும் நடந்தே ஊர் ஊராகப் போனார்கள். 1878-ல் கல்கத்தா பண்டிதர்கள் இவருடைய ஞானத்தைக் கண்டு பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். பிறகு அண்ணனும் இறந்துபோனார். வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வக்கீல் ஒருவரை 1880-ல் மணந்தார். இரண்டு வருஷம் முடிவதற்குள் காலரா அவரையும் கொண்டுபோயிற்று. கையில் மனோரமா என்ற குழந்தை மட்டும் இருந்தது.

1883-ல் ராமாபாய் இங்கிலாந்துக்குப் போனார். வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் சகோதரிகளின் மடத்தில் தங்கி, அதே வருஷம் செப்டம்பர் 29-ந்தேதி மகளோடு ஞானஸ்நானம் எடுத்தார்.

பிரியமானவர்களே, பிரச்சினை இதற்குப் பிறகுதான் வந்தது. வெளியாரிடமிருந்து அல்ல, அன்பு வைத்த சொந்த விசுவாசிகளிடமிருந்தே வந்தது.

ராமாபாய் இறைச்சி சாப்பிடவில்லை. முட்டையும் தொடமாட்டார். சிஸ்டர் ஜெரால்டின் என்பவர் இவருக்கு ஆவிக்குரிய தாயைப்போல் இருந்தவர். இது பழைய சாதிப் பெருமையின் மிச்சம், இதை விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் யோசித்துப் பாருங்கள், சாதிப் பெருமை உள்ளவர் வேறு சாதியில் கல்யாணம் பண்ணியிருப்பாரா? மரக்கறி உணவு ராமாபாய்க்குப் பழகின ஒன்று, அவருடைய மனதுக்குச் சரியென்று பட்ட ஒன்று. அதனால் இரட்சிப்பு வரும் என்றும் அவர் நினைக்கவில்லை, அதனால் போய்விடும் என்றும் நினைக்கவில்லை.

அடுத்தது சிலுவை. மடத்தாரின் சிலுவையில் லத்தீன் எழுத்து இருந்தது. ராமாபாயின் கேள்வி நியாயமானது: என் ஜனத்துக்குப் புரியாத லத்தீன் எதற்கு, சமஸ்கிருதத்தில் எழுதினால் சிலுவையின் மகிமை குறைந்துபோகுமா? வாலிபப் பையன்களுக்கு அவர் பாடம் சொல்லிக்கொடுக்கலாமா என்ற விஷயத்தில் இந்தியாவிலிருந்த பேராயர்கள்கூடத் தலையிட்டார்கள். வேதத்தைத் தானே வாசித்து, தேவன் தந்த மனச்சாட்சியின்படி தீர்மானிக்கத் தனக்கு உரிமை உண்டு என்பதில் ராமாபாய் உறுதியாய் நின்றார். சபை சொல்வதாலேயே ஏற்க வேண்டும் என்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடிதங்களில் இரண்டு பேரும் காரசாரமாகவே எழுதிக்கொண்டார்கள். ஆனாலும் உறவு அறுந்துபோகவில்லை. குழந்தை மனோரமாவுக்கு அந்த ஜெரால்டின் அம்மாதான் ஆஜிபாய், அதாவது பாட்டி. அந்தக் கடிதங்களை அவர் பத்திரமாகச் சேர்த்து வைத்தார். 1977-ல் அவை புத்தகமாகவே வெளிவந்தன.

இந்தியா திரும்பின ராமாபாய் 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினார். ஞானஸ்நானம் எடுத்தும் கிறிஸ்துவைச் சொந்தமாக அறிந்தது 1891-ல்தான் என்று பின்னாளில் அவரே சாட்சி சொன்னார். பார்த்தீர்களா, எட்டு வருஷம் கர்த்தர் அவரிடம் பொறுமையாயிருந்தார்! பஞ்ச காலத்தில் நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகளைக் காப்பாற்றி, புனேக்கு அருகே கேட்காவில் முக்தி மிஷனைக் கட்டினார். நம் ஆவடியைத் தாண்டிப் போகும் மும்பை ரயில் பாதையில்தான் அந்தக் கேட்காவ் இருக்கிறது. 1900 வாக்கில் அங்கே ஏறக்குறைய 2000 பேர் இருந்தார்கள்.

1905 ஜூனில் அங்கே எழுப்புதல் அக்கினி இறங்கினது. பெண்பிள்ளைகள் அழுது பாவத்தை அறிக்கை செய்தார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமிட்டு ஜெபித்தார்கள். பிறகு அந்நியபாஷையும் வந்தது. மேல்நாட்டு மிஷனெரிகளில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ராமாபாய் அந்தப் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசினார். அவர்களுடைய ஜெபத்தை அடக்க அவர் சம்மதிக்கவில்லை. அதே சமயம் எல்லாரும் அந்நியபாஷை பேசியே ஆகவேண்டும் என்று சட்டமும் போடவில்லை. கூட ஊழியம் செய்த மின்னி ஏப்ரம்ஸ் அம்மையார் இந்த எழுப்புதலைப்பற்றி எழுதின புத்தகம் தென்னமெரிக்காவின் சிலி தேசம்வரை போய் அங்கே 1909-ல் நடந்த எழுப்புதலுக்கு உதவியது.

என் இருதயத்தைத் தொட்டது இதுதான். இங்கிலாந்தில் ராமாபாய் கைம்பெண், அந்நியர், மற்றவர்களின் தயவில் இருந்தவர். அப்போது நெருக்கப்பட்டார், வளையவில்லை. முக்தியிலோ அதிகாரமெல்லாம் அவர் கையில். அப்போது அவர் பிறரை நெருக்கவில்லை. நமக்கு முதலாவது பாதி நன்றாக வருகிறது, இரண்டாவது பாதிதான் கஷ்டம். தனக்காகக் கேட்ட சுயாதீனத்தைத் தன் கீழே இருப்பவர்களுக்கும் கொடுப்பதுதான் கிறிஸ்துவின் சிந்தை.

திருட்டும் விபசாரமும் பொய்யும் மனச்சாட்சிக்கு விடப்பட்ட காரியங்கள் அல்ல, அவை பாவம். சாதி பார்ப்பதும் அப்படியே. ஆனால் ரோமர் 14-ம் அதிகாரத்தில் பவுல் சொல்கிற காரியங்கள் வேறு. புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ணலாகாது, புசியாதவன் புசிக்கிறவனை நியாயந்தீர்க்கலாகாது. இரண்டு பேருக்கும் எஜமான் ஒருவரே. பொரியை மறுத்த தம்பி, சாப்பிட்ட அண்ணனைப் பின்வாங்கிப்போனவன் என்று சொல்ல வேண்டாம். சாப்பிட்ட அண்ணன், தம்பியின் முன்னால் சாப்பிட்டு அவனை நோகடிக்கவும் வேண்டாம்.

மகள் மனோரமா 1921-ல் மரித்தார். மராத்தி வேதாகம மொழிபெயர்ப்பைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த ராமாபாய் 1922 ஏப்ரல் 5-ந்தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அருமையான தேவபிள்ளையே, இந்த வாரம் நீ பேசாமல் விட்டுவிட்ட சகோதரன் யார், சகோதரி யார்? அவங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க. கர்த்தர்தாமே நமக்கு உறுதியான மனச்சாட்சியையும் அகலமான இருதயத்தையும் தந்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.