கரியில் எண்ணெய் தேடிய அறிஞர் ஞானசந்திர கோஷ்

சென்ற கல்வியாண்டின் இறுதியில் வேதியியல் துறை மாணவர் இருவர் ஒரு கலைச்சொல் வேண்டித் தமிழ்த்துறைக்கு வந்தனர். வினையூக்கி என்னும் சொல்லை அவர்கள் அறிவார்கள். ஊக்கியாகிய உலோகத்தைத் தன்மேல் ஏற்று நிற்கும் மண் போன்ற பொருளுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதே அவர்தம் ஐயம். தாங்கி என்று வழங்கலாமே என்றேன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்பவரின் மகனான ஒருவர், தாங்கி என்பது பேரிங்கைக் குறிக்கும் சொல்லாயிற்றே என்று தயங்கினார். ஒரு சொல் இரண்டு இடத்தில் பணிசெய்வதில் தவறில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பின்னரே அப்பொருளைப் பற்றி நான் ஒன்றும் அறியாதவன் என்பது உறைத்தது. நூலகத்தில் தேடிப் படிக்கப்போய், சர் ஞானசந்திர கோஷ் என்னும் பெருமகனாரின் வாழ்க்கை கண்ணில் பட்டது.

வினையூக்கியின் வேலை முழுதும் அதன் மேற்பரப்பில் நடப்பது. எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்து வனஸ்பதியாக உறையச் செய்வது நிக்கல். அந்த நிக்கலைக் கட்டியாக இட்டால் வெளிப்புறம் மட்டுமே உழைக்கும், உள்ளிருப்பது வீண். ஆகவே, பண்டைக்காலத்து நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான கீசல்கூர் என்னும் மண்ணில் உலோக உப்பை ஊறவைத்தோ படிய வைத்தோ, உலர்த்திச் சூடேற்றி, ஹைட்ரஜனைச் செலுத்தி மீண்டும் உலோகமாக்குவர். மண்ணின் நுண்துளை தோறும் உலோகம் துகள் துகளாய் ஒட்டிக்கொள்ளும். ஒரு பிடி மண்ணுக்குள் ஒரு வயல் அளவு பரப்பு விரிந்துவிடும். இவ்வுத்தியே கோஷ் அவர்களின் பிற்கால ஆய்வுக்கு அடிப்படை.

அவர் 1894ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிறந்தவர். பள்ளிக் கல்வி பெற்றது கிரிடியில். அது நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ஊர் என்பதை இங்கே நினைவிற் கொள்வது நல்லது. பின்னர்க் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர்க்கு ஆசிரியர் பிரபுல்ல சந்திர ராய். உடன் பயின்றோர் மேகநாத சாகாவும் சத்தியேந்திரநாத் போசும். இத்தகைய வகுப்பறை எந்த நாட்டிலும் அடிக்கடி வாய்ப்பதன்று.

1918ஆம் ஆண்டில், இருபத்து நான்கு வயது நிரம்பும் முன்பே அவர் பெயர் ஐரோப்பாவை எட்டியது. சமையலுப்பைப் போன்ற பொருள்கள் நீரில் கரையும்போது முற்றிலும் அயனிகளாகப் பிரிகின்றன என்றும், கரைந்த பின்னும் அவ்வயனிகள் படிகத்தில் இருந்ததைப் போன்ற ஓர் ஒழுங்கில் நிற்கின்றன என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். கோஷ் கொள்கை என்று பாடநூல்களில் அது இடம்பெற்றது. அந்தப் புகழ் ஐந்தாண்டுகளே நீடித்தது. 1923இல் டிபையும் ஹூக்கலும் வேறொரு விளக்கம் தந்தனர். ஒவ்வோர் அயனியையும் எதிர்மின்னேற்றம் கொண்ட அயனிகள் புகைமூட்டம் போலச் சூழ்ந்திருக்கின்றன என்பது அவர்தம் கருத்து. நீர்த்த கரைசல்களின் அளவைகள் அதற்கே பொருந்தின. கோஷ் கொள்கை பாடநூல்களிலிருந்து மெல்ல மறைந்தது. முப்பது வயதுக்குள் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கண்டுவிட்ட ஓர் இளைஞன் அதன்பின் என்ன செய்வான் என்பதே அவர் வரலாற்றில் என்னை ஈர்த்த பகுதி.

அவர் அப்போது டாக்காவில் இருந்தார். கிழக்கு வங்க முஸ்லிம் பெருமக்களின் நீண்ட கோரிக்கையின் பயனாக 1921இல் எழுந்தது டாக்காப் பல்கலைக்கழகம். அது தொடங்கிய ஆண்டிலேயே வேதியியல் துறைத் தலைவராகச் சென்ற கோஷ், பதினெட்டு ஆண்டுகள் அங்குத் தங்கி அத்துறையை உருவாக்கினார். போசும் அதே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்து வந்தார். ஒளியால் நிகழும் வேதிவினைகளில் கோஷ் ஆய்வு தொடர்ந்தது. சமயம் கடந்து மாணவரைப் பயிற்றிய அந்தப் பதினெட்டு ஆண்டுகளே அவர்தம் வாழ்வின் நிறைவான காலம் என்பது என் கணிப்பு. பதவிகளை மட்டும் எண்ணுவோர் இதனை ஏற்கமாட்டார்கள்.

1939இல் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தின் இயக்குநரானார். அதே ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1942இல் பர்மா வீழ்ந்ததும் அந்நாட்டு எண்ணெய் வரத்து நின்றது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. சென்னை மாகாணச் சாலைகளில் பின்புறம் கரியடுப்பைச் சுமந்துகொண்டு பேருந்துகள் ஓடின. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் கரி பஸ் ஏற்றத்தில் திணறி நிற்க, பயணிகள் இறங்கித் தள்ளிய கதையை என் பாட்டனார் சொல்லக் கேட்டதுண்டு.

அந்த அடுப்பு தந்த வாயுவில் எரியக்கூடிய பகுதி பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடும் சிறிது ஹைட்ரஜனும். அவ்விரு வாயுக்களையும் தக்க வினையூக்கியின்மேல் செலுத்தினால் பெட்ரோலையும் டீசலையும் மெழுகையும் பெறலாம் என்று ஜெர்மனியில் ஃபிஷரும் டிராப்சும் 1920களிலேயே காட்டியிருந்தனர். மெழுகிலிருந்து கொழுப்பு அமிலமும் சோப்பும் வந்தன. கரிமச் சேர்மங்கள் பலவற்றுக்கு அது தாய்த்தொழிலாயிற்று. போர்க்காலத்தில் அந்நாட்டில் இவ்வகை ஆலைகள் ஒன்பது இயங்கின. அவற்றில் பயன்பட்ட ஊக்கியின் பக்குவம் ஒரு சித்தமருந்தின் பக்குவம் போன்றது: கோபால்ட் 100 பங்கு, தோரியா 5, மெக்னீசியா 8, தாங்கியாகக் கீசல்கூர் 200. இவற்றுள் தோரியா என்பது தோரியத்தின் ஆக்சைடு. அத்தோரியம் செறிந்த மோனசைட் மணல், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் 1909இலேயே கண்டறியப்பட்டது. கரியும் இருந்தது, தோரியமும் இருந்தது. அவற்றை இணைக்கும் கைப்பக்குவமே இந்தியாவுக்கு வேண்டியிருந்தது. கோஷ் தம் ஆய்வை அதன்பக்கம் திருப்பினார்.

அது எளிய வேலையன்று. வினை நிகழும்போது பெருவெப்பம் வெளிப்படும். ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் கட்டுப்படுத்தாவிட்டால் பெட்ரோலுக்கு மாறாக வெறும் மீத்தேனே மிஞ்சும். கரியில் உள்ள கந்தகம் மற்றொரு பகை. ஆயிரம் கன மீட்டர் வாயுவில் இரண்டு கிராம் கந்தகத்துக்குமேல் இருக்கலாகாது என்பது ஜெர்மானியர் வகுத்த வரம்பு. அதனை மீறினால் கோபால்ட்டின் மேற்பரப்பு நஞ்சுண்டதுபோல் செயலிழக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மேற்பரப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதே உலகில் எவருக்கும் தெளிவாகவில்லை. கோஷ் பெங்களூரில் தம் மாணவருடன் அந்த அடிப்படைக் கேள்வியையே எடுத்துக்கொண்டார். ஹைட்ரஜன் தனியாக எவ்வளவு ஒட்டுகிறது, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு ஒட்டுகிறது, இரண்டும் கலந்து வந்தால் கணக்கு எப்படி மாறுகிறது என்று அளந்தனர். எம்.வி.சி. சாஸ்திரி, கினி ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1952இல் வெளிவந்தது. அயனிகளைக் காகிதத்தில் கணக்கிட்டவர், இப்போது வாயுவை ஒவ்வொரு கன சென்டிமீட்டராக அளக்கும் பணிக்கு வந்திருந்தார்.

ஆய்வோடு கழகத்தையும் அவர் வளர்த்தார். வானூர்திப் பொறியியல் துறை 1942இல் அவர் காலத்தில் தொடங்கியதே. 1943இல் சர் பட்டம் பெற்றார். 1950இல் கரக்பூரில் நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு முதல் இயக்குநரானார். விடுதலைப் போராளிகளை அடைத்து வைத்திருந்த ஹிஜ்லி தடுப்புமுகாமே அதற்கு முதற் கட்டடம்! 1954இல் பத்ம பூஷண் விருதும் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பும் வந்தன. மறு ஆண்டு திட்டக் குழுவின் உறுப்பினரானார்.

கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலை மட்டும் அவர் காலத்தில் இந்தியாவில் எழவில்லை. அரசு மட்டத்தில் அந்த எண்ணம் பேசப்பட்டதுண்டு. ஆனால் போருக்குப் பின் அரபு நாடுகளின் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. கரியை வாயுவாக்கி, கந்தகம் நீக்கி, ஊக்கியில் செலுத்தும் செலவு அதனோடு போட்டியிட இயலவில்லை. தென்னாப்பிரிக்கா 1955இல் இரும்பு ஊக்கியைக் கொண்டு அதனைச் செய்துகாட்டியது. பின்னும் அரை நூற்றாண்டு கழித்து, 2011இல், கத்தார் நாட்டின் ராஸ் லஃபானில் இயற்கை வாயுவை மூலப்பொருளாக்கி மாபெரும் ஆலையொன்று இயங்கத் தொடங்கியது. ஊக்கி அதே கோபால்ட், தாங்கிதான் வேறு. நம் மாணவர் சிலரின் தந்தையரும் தமையன்மாரும் அந்நாட்டில்தான் பணிபுரிகின்றனர். கோஷ் அவர்களின் உழைப்பு அங்கே எவ்வளவு, பிறர் உழைப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. அறிவியலில் கடன்பத்திரம் எழுதி வைக்கும் வழக்கம் இல்லை.

கோஷ் 1959 ஜனவரி 21ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கி வைக்கப்பட்டது. பெங்களூரில் அவரோடு வாயுக்களை அளந்த சாஸ்திரி அவர்கள் இங்கே வேதியியல் பேராசிரியராக வந்து, அதே மேற்பரப்புக் கேள்விகளைச் சென்னை மாணவர் கையில் கொடுத்தார். 2006இல் அக்கழகத்தில் வினையூக்க ஆய்வுக்கென ஒரு தேசிய மையம் அமைந்தது.

கலைச்சொல் கேட்டு வந்த மாணவர் இருவரும் தம் கருத்தரங்கக் கட்டுரையில் தாங்கி என்றே எழுதியிருந்தனர். பேரிங்கோடு குழப்பம் நேராதிருக்க, ஊக்கித்தாங்கி என்று ஓரிடத்தில் திருத்தியிருந்தார் அந்த அம்பத்தூர் மாணவர்.