சர் கே. எஸ். கிருஷ்ணன்

காஞ்சிமாநகரிற் பட்டிழையின் நுண்மை அறியாதார் இலர். அதனினும் நுண்ணிய குவார்ட்ஸ் இழைகொண்டு மூலக்கூற்றின் இயல்பை ஆராய்ந்தார் ஒரு தமிழர்.

1898ஆம் ஆண்டு வத்திராயிருப்பிற் பிறந்த கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, பின்னதில் இரசாயனச் செய்முறை ஆசிரியராய் அமர்ந்தார். நண்பகல் உணவு வேளையில் மாணாக்கர் எவ்வகை ஐயத்தோடும் அவரை அணுகுவர்.

1920இல் கல்கத்தா சென்றார். 1928இல், மூலக்கூறுகளிற் பட்டுச் சிதறும் ஒளி நிறம் மாறுதலை இராமனுடன் கண்டார். 1930இல் நோபெல் பரிசு இராமன் ஒருவர்க்கே வாய்த்தது. கிருஷ்ணனோ உழைப்பைக் கைவிட்டாரிலர். டாக்காவிற் படிகங்களைக் காந்தப்புலத்தில் இழையாற் தொங்கவிட்டு, அவை திரும்புமாற்றால் உள்ளுறை மூலக்கூறுகளின் கிடக்கையை உணர்ந்தார். 1940இல் இராயல் சொசைட்டி உறுப்பினராயினார், 1947இல் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் தலைவராயினார், 1961இல் மறைந்தார்.

இன்று ஒளிகொண்டு மூலக்கூறுகளை இனங்காணும் ஆய்வாளர் யாவரும் அச் செய்முறை ஆசிரியர்க்குக் கடன்பட்டவரே.