நம்ம உத்தமபாளையத்து முதல் மந்திரி



அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு வரி வரும். ரெண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் பண்ணி எழுதிட்டு அப்படியே மறந்துடுவோம். அந்த வரி நம்ம கைக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆச்சுன்னு தெரிஞ்சுக்க டெல்லி வரைக்கும் போக வேண்டாம். கம்பத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற உத்தமபாளையத்தில் பிறந்த ஒருத்தருடைய வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். அவர்தான் தமிழவேள் பி.டி.ராஜன். முழுப்பெயர் பொன்னம்பல தியாகராஜன்.

பிறந்தது 1892. பெரிய நிலக்கிழார் குடும்பம். அந்தக் காலத்திலேயே கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜில் லேஸ் பள்ளி, அப்புறம் ஆக்ஸ்போர்டில் ஜீசஸ் கல்லூரி. சரித்திரமும் சட்டமும் படித்து 1919ல் பாரிஸ்டர் ஆனார். நம்ம பள்ளத்தாக்கிலிருந்து மதுரைக்குப் போறதே பெரிய பயணமாக இருந்த காலம் அது!

அவர் ஊர் திரும்பிய சமயத்தில்தான் வெள்ளைக்கார அரசாங்கம் 1919ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டப்படி 1920ல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. ராஜன் நீதிக்கட்சி (ஜஸ்டிஸ் கட்சி) சார்பில் நின்று சட்டசபைக்குப் போனார். அப்போது அவருக்கு வயசு இருபத்தெட்டுதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்தத் தேர்தலில் மாகாணம் முழுக்க ஓட்டு இருந்தது சுமார் 12 லட்சத்து 48 ஆயிரம் பேருக்குத்தான். ஜனத்தொகையோ நாலு கோடிக்கு மேல். நிலம், வீடு, வரி என்று ஏதாவது இருக்கிறவங்களுக்குத்தான் ஓட்டு. ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறிப் போனவங்க, வயலில் கூலிக்கு நாற்று நட்டவங்க, அதாவது நம்மில் பாதிப் பேருடைய கொள்ளுத்தாத்தாக்கள், அந்தப் பட்டியலில் கிடையாது. கொள்ளுப்பாட்டிகள் யாருமே கிடையாது. பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று முடிவு செய்யும் பொறுப்பை அந்தச் சட்டம் மாகாண சபைகளிடமே விட்டிருந்தது. ராஜன் உறுப்பினராக இருந்த சென்னை சபை 1921ல் சரி என்று முடிவு செய்தது. இந்தியாவில் முதலில் அதைச் செய்த மாகாணம் நம்முடையதுதான். (ஆனாலும் சொத்து இருக்கிற பெண்களுக்குத்தான்!)

சரி, மந்திரிகளுக்கு என்ன அதிகாரம் இருந்தது? இதுக்குத்தான் இரட்டை ஆட்சி என்று பெயர். கல்வி, சுகாதாரம், விவசாயம், பஞ்சாயத்து போன்ற ஸ்தாபனங்கள் எல்லாம் மாற்றப்பட்ட துறைகள். அதுகளை நம்ம மந்திரிகள் பார்த்துக்கலாம். போலீஸ், நிதி, நிலவரி, பாசனம் எல்லாம் ஒதுக்கப்பட்ட துறைகள். அதுகளை கவர்னரும் அவருடைய நிர்வாகக் கவுன்சிலும் பார்த்துக்குவாங்க. பெரியாறு அணை 1895லேயே வந்துவிட்டது. லோயர் கேம்ப் வழியாக இறங்கி வருகிற தண்ணியை நம்பித்தான் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வயல் எல்லாம் இருக்கு. ஆனால் அந்தத் தண்ணி விஷயம் மந்திரி கையில் இல்லை! ஒதுக்கப்பட்ட துறைக்குக் கேட்ட பணத்தைச் சட்டசபை வெட்டினாலும், தேவை என்று சொல்லி கவர்னர் திரும்பச் சேர்த்துக்கலாம். நிர்வாகக் கவுன்சில்காரங்களை ஓட்டுப் போட்டு இறக்கவும் முடியாது. வீட்டில் சமையல் பொறுப்பை நம்மகிட்ட கொடுத்துட்டு அரிசிப் பானைச் சாவியை வேற ஒருத்தர் இடுப்பில் செருகிக்கிட்ட மாதிரி.

அப்படியிருந்தும் அந்தப் பாதி அதிகாரத்துக்குள்ளேயே ஒரு நல்ல பழக்கம் வேர் பிடித்தது. சபையின் ஆதரவு இருந்தால்தான் மந்திரி மந்திரியாக இருக்கலாம் என்பதுதான் அது. 1923 நவம்பரில் பனகல் அரசர் மந்திரிசபை மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 44க்கு 65 என்று தப்பித்தது. ராஜன் 1930ல் முனுசாமி நாயுடு மந்திரிசபையில் வளர்ச்சித் துறை மந்திரி ஆனார். ரெண்டு வருஷத்திலேயே கட்சிக்குள் சண்டை. சொந்தக் கட்சிக்காரங்களே தீர்மானம் கொண்டுவரப் போறாங்க என்று தெரிந்ததும், 1932 நவம்பரில் நாயுடு ராஜினாமா செய்தார். பொப்பிலி அரசர் அந்த இடத்துக்கு வந்தார். ராஜன் இவரிடமும் மந்திரியாகத் தொடர்ந்தார். தலைவர் மாறினாலும் இவர் நாற்காலி மாறவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்சி மாறியது சபையின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான். அடிதடியாலோ கவர்னர் உத்தரவாலோ இல்லை.

1936 ஏப்ரல் 4ஆம் தேதி பொப்பிலி அரசர் வெளிநாடு போனபோது ராஜன் முதல் மந்திரி ஆனார். ஆகஸ்ட் 24 வரை இருந்தார். அஞ்சு மாசம்கூட முழுசாக இல்லை. ஆனாலும் நம்ம பள்ளத்தாக்கிலிருந்து போன ஒருத்தர் ஒரிசா எல்லை வரைக்கும் நீண்டு கிடந்த பெரிய மாகாணத்துக்கு முதல் மந்திரியாக இருந்தது சின்ன விஷயமா? அப்பவும் போலீஸ் அவர் கையில் இல்லை என்பதை மறந்துடாதீங்க.

அடுத்து 1935ஆம் வருஷத்துச் சட்டப்படி 1937ல் தேர்தல். மொத்தம் 215 இடத்தில் காங்கிரஸ் 159ஐப் பிடித்தது. நீதிக்கட்சி சுருண்டு போனது. 1944ல் சேலம் மாநாட்டில் அந்தக் கட்சி திராவிடர் கழகம் ஆனது. இனி தேர்தல் வேண்டாம் என்று பெரியார் வேறு பாதையில் போனார். பழைய பெயரை விட மாட்டோம் என்று கொஞ்சம் பேர் தனியாக நின்றார்கள். பின்னால் ராஜன் அவர்களுக்குத் தலைவர் ஆனார். காலம் போன கட்சி என்று பலரும் நினைத்திருப்பார்கள்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். 1950 ஜனவரி 26ல் நம்முடைய அரசியலமைப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. 21 வயசு ஆன எல்லாருக்கும் ஓட்டு. (18 ஆனது 1989ல்.) நிலமும் கேட்கலை, வரி ரசீதும் கேட்கலை. 1952 தேர்தலில் நீதிக்கட்சி ஒன்பது இடத்தில் நின்றது. எட்டில் தோல்வி. ஜெயித்தது ஒரே ஒருத்தர். கம்பம் தொகுதியில் பி.டி.ராஜன்! பணக்காரங்க ஓட்டில் அரசியலுக்கு வந்தவர் என்று பேசலாம். ஆனால் அறுபது வயசில் அவரைத் திரும்பச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது, முதல் தடவையாக ஓட்டுச்சீட்டைக் கையில் வாங்கிய நம்ம ஊர் கூலிக்காரங்களும் பாட்டிகளும் சேர்ந்துதான்.

375 பேர் இருந்த சபை அது. யாருக்கும் மெஜாரிட்டி இல்லை. காங்கிரசுக்கு 152 தான். கவர்னர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியைக் கூப்பிட்டு முதலமைச்சர் ஆக்கினார். ராஜாஜி தேர்தலிலேயே நிற்காதவர், மேலவைக்கு நியமிக்கப்பட்டவர். இது நியாயமா என்று அப்போதே பெரிய சண்டை நடந்தது. எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஆனால் கவர்னர் கூப்பிட்டதோடு கதை முடியவில்லை. ஜூலை மாதம் சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 200, எதிர்ப்பு 151. அதற்கப்புறம்தான் ஆட்சி உறுதியானது.

யோசித்துப் பாருங்க. 1936ல் முதல் மந்திரியாக இருந்த ராஜனால் போலீஸ் துறையைத் தொட முடியலை. 1952ல் ஒத்தை ஆள் கட்சியின் எம்.எல்.ஏ.வாக உட்கார்ந்திருந்தவருக்கு, போலீசும் நிதியும் பாசனமும் சேர்ந்த மொத்த அமைச்சரவையும் இருக்கணுமா வேண்டாமா என்று சொல்ல ஒரு ஓட்டு இருந்தது. அரசியலமைப்பின் 164ஆவது பிரிவில் இருக்கிற அந்த ரெண்டு மார்க் வரி செய்த வேலைதான் இது.

அரசியல் தவிர ஒரு துணுக்கு: 1950ல் சபரிமலைக் கோயில் தீக்கிரையான பிறகு ஐயப்பனுக்குப் புது ஐம்பொன் சிலை செய்து கொடுத்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. மாலை போட்டுக் குமுளி வழியாகப் போகிற நம்ம ஊர் சாமிகளில் நிறையப் பேருக்கு இது தெரியாது.

1957 வரை சட்டமன்றத்தில் இருந்தார். 1974ல் காலமானார். தேனி மாவட்டம் உருவான அதே 1996ல், அவருடைய மகன் பி.டி.ஆர்.பழனிவேல்ராஜன் தமிழ்நாடு சட்டப்பேரவைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.