காற்றில் விரிந்த குடை

நுழையும்முன்

உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி கூடும் என்பதை இயற்பியல் பாடத்தில் பயின்றிருப்பீர்கள். அவ்வேகத்தை ஒரு துணியால் அடக்கித் தரையில் உயிரோடு இறங்க முடியும் என்பதை உலகறியச் செய்தவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆந்த்ரே ஜாக் கார்னெரின். பாராசூட் எனப்படும் வான்குடையின் வரலாற்றில் நீங்கா இடம்பெற்ற அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் பலூன் ஆர்வமும்

கார்னெரின் 1769ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். அவருக்குப் பதினான்கு வயது நிரம்பியிருந்த 1783ஆம் ஆண்டில்தான் மனிதன் முதன்முதலாக வானில் ஏறினான். மோங்கோல்ஃபியர் உடன்பிறப்புகள் உருவாக்கிய வெப்பக்காற்றுப் பலூன் நவம்பரில் இருவரைச் சுமந்து பறந்தது. பத்து நாள்களுக்குப்பின் ஜாக் சார்லஸ் என்னும் அறிஞர் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் உயர்ந்தார். வாயுக்களின் பருமனுக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பைக் கூறும் சார்லஸ் விதி இவர் பெயரால் அமைந்ததே. வானூர்தலில் நாட்டம் கொண்ட கார்னெரின் இவருடைய மாணவரானார்.

அதே 1783ஆம் ஆண்டு டிசம்பரில் லெனோர்மான் என்பவர் மோம்பெலியே நகரின் வானாய்வுக் கோபுரத்திலிருந்து குடையொன்றைப் பற்றிக்கொண்டு குதித்துக் காட்டினார். பாராசூட் என்னும் சொல்லைப் படைத்தவரும் அவரே. வீழ்ச்சியினின்று காப்பது என்பது அதன் பொருள். தீப்பற்றிய கட்டடங்களிலிருந்து மக்கள் உயிர்தப்ப உதவ வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அவர் அமைத்த குடை மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. சட்டம் குடையை விரித்து வைத்திருந்தது; ஆயினும் அதன் எடை பெரும் சுமையாயிற்று.

சிறையில் பிறந்த சிந்தனை

பிரெஞ்சுப் புரட்சியைத் தொடர்ந்து ஐரோப்பிய நாடுகளுடன் போர் மூண்டது. படைப்பணியில் ஈடுபட்டிருந்த கார்னெரின் 1793இல் பகைவரிடம் சிக்கினார். ஆஸ்திரியரிடம் ஒப்படைக்கப்பட்டு, ஹங்கேரியின் புடா கோட்டையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். உயர்ந்த மதில்களினின்று குதித்துத் தப்பும் வழியைத் தேடியபோதே வான்குடை பற்றிய எண்ணம் அவருள் வேரூன்றியது என்பர். சிறையிலிருந்து அவரால் தப்ப இயலவில்லை. ஆயினும் விடுதலை பெற்றுத் தாயகம் திரும்பியபின்னும் அவ்வெண்ணம் அவரை விட்டு அகலவில்லை.

சட்டமே இல்லாமல் துணி தானாக விரியுமா? கீழிறங்கும் விசையினால் உள்ளே புகும் காற்றே அதனை விரித்துத் தாங்குமா? இவ்வினாக்களுக்கு விடை காண அவர் தம் உயிரையே முன்வைத்தார்.

மோன்சோ பூங்காவில் ஒரு மாலைப்பொழுது

1797ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள். பாரிசின் மோன்சோ பூங்காவில் மக்கள் திரண்டிருந்தனர். கார்னெரின் அமைத்த பட்டுக்குடை விரிந்த நிலையில் ஏறத்தாழ 7 மீட்டர் விட்டம் உடையது. அதாவது அதன் பரப்பு ஏறத்தாழ 38 சதுர மீட்டர். மடக்கிய குடையைப்போல் அது ஹைட்ரஜன் பலூனின் அடியில் தொங்கியது. அதன் நடுவே ஒரு கழி. கழியினுள் ஓடிய கயிறு குடையைப் பலூனோடு பிணைத்திருந்தது. குடைக்குக் கீழே கட்டப்பட்ட சிறு கூடையில் அவர் நின்றார்.

பலூன் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தை எட்டியதும் அவர் அந்தக் கயிற்றை அறுத்தார். சுமை நீங்கிய பலூன் மேலே சென்றது. குடை கீழ்நோக்கி வீழ்ந்தது. வீழ்ந்த வேகத்தில் காற்று உட்புகுந்து பட்டுத்துணியை முழுமையாக விரித்தது. வேகம் தணிந்தது. ஆனால், எவரும் எதிர்பாராத வேறொன்று நிகழ்ந்தது. கூடை ஊசலைப்போல் இருபுறமும் கடுமையாக ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டம் தரையைத் தொடும்வரை ஓயவில்லை. கூடை நிலத்தில் மோதி உராய்ந்து நின்றது. கார்னெரின் பெருங்காயம் ஏதுமின்றி அதிலிருந்து வெளிவந்தார். மரச்சட்டம் இல்லாத வான்குடையில் அத்தனை உயரத்திலிருந்து இறங்கிய முதல் மனிதர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது.

வெற்றிக்குள் ஒளிந்திருந்த குறை

குடை ஆடியது ஏன்? குடைக்குள் சிக்கிய காற்றுக்கு உச்சியில் வெளியேற வழியில்லை. ஆகவே அது ஒருமுறை ஒரு விளிம்பின் வழியாகவும், மறுமுறை எதிர் விளிம்பின் வழியாகவும் பீறிட்டு வெளியேறியது. ஒவ்வொரு முறையும் குடை ஒரு பக்கம் சாய்ந்தது. கூடையும் உடன் ஆடியது. இதற்குத் தீர்வு எளியது. உச்சியில் சிறு துளையிட்டால் காற்று நடுவழியே சீராக வெளியேறும். வானியல் அறிஞர் லாலாந்து இத்தீர்வைக் கூறினார் என்பர். காற்றைத் தடுப்பதற்கென்றே அமைந்த துணியில் காற்றுக்கு வழிவிடுவது முரணாகத் தோன்றலாம். அந்தத் துளையே பிற்கால வட்டக்குடைகளின் நிலையான உறுப்பாயிற்று.

மகளிர் பங்கு

கார்னெரினின் முயற்சியில் அவருடைய குடும்பத்து மகளிரும் பங்கேற்றனர். 1798இல் பெண்ணொருவரைத் தம்மோடு பலூனில் அழைத்துச் செல்லப்போவதாக அவர் அறிவித்தபோது காவல்துறை தடை விதித்தது. உயரத்தில் குறையும் காற்றழுத்தம் பெண்ணின் உடலுக்குத் தீங்கு செய்யும் எனக் காரணம் கூறப்பட்டது. அத்தடை பின்னர் நீக்கப்பட்டுப் பயணம் இனிதே நிறைவேறியது. அவரிடம் பயின்று அவரை மணந்த ஜான் ஜெனவியேவ் லப்ரோஸ் 1799ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் வான்குடையில் இறங்கினார். உலகில் அவ்வாறு இறங்கிய முதல் பெண்மணி அவரே. வான்குடைக்கான காப்புரிமை விண்ணப்பத்தைக் கணவர் சார்பில் 1802இல் அளித்தவரும் அவரே. கார்னெரினின் உடன்பிறந்தார் மகள் எலிசா, 1815 முதல் 1836 வரை ஏறத்தாழ நாற்பது முறை வான்குடையில் இறங்கிப் புகழ்பெற்றார்.

இலண்டன் பயணமும் இறுதியும்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே அமைதி நிலவிய 1802ஆம் ஆண்டில் கார்னெரின் இலண்டன் சென்றார். செப்டம்பர் 21ஆம் நாள் நகரின் மேலே உயர்ந்து வான்குடையில் இறங்கினார். அன்றும் கூடை கடுமையாக ஆடியது. புனித பங்க்ராஸ் பகுதியை அடுத்த வயலில் அவர் மிகுந்த களைப்போடு தரைசேர்ந்தார். ஒரு குறையைக் கண்டறிவது வேறு. அதை முற்றிலும் களைவது வேறு என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

விண்ணிலிருந்து பலமுறை இறங்கிய அவ்வீரரின் உயிர் மண்ணிலேயே பிரிந்தது. 1823ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் பாரிசில் பலூன் ஒன்றை உருவாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது மர உத்தரம் ஒன்று தாக்கி அவர் இறந்தார். அப்போது அவருக்கு அகவை 54.

தவறிய கணக்கு

கார்னெரின் இலண்டனில் இறங்கியதைக் கண்டவர்களுள் இராபர்ட் காக்கிங் என்னும் ஓவியரும் ஒருவர். குடையின் ஆட்டம் அவரைச் சிந்திக்க வைத்தது. தலைகீழாகக் கவிழ்த்த கூம்பு வடிவில் குடை அமைந்தால் ஆட்டம் இராது என அவர் கருதினார். பல்லாண்டுகள் கழித்து, 61ஆம் வயதில், 1837ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள் அத்தகைய குடையில் பலூனிலிருந்து விடுபட்டார். குடை உருக்குலைந்து சிதைய, அவர் விழுந்து உயிரிழந்தார். அந்தக் குடையின் எடை மட்டுமே ஏறத்தாழ 113 கிலோகிராம். அத்தனை எடையைத் தாங்கும் வலிமை அதன் கட்டுமானத்துக்கு இல்லை. அவர் ஆட்டத்தைக் கருதினார். எடையைக் கருத மறந்தார்.

எடையும் பரப்பும் பிரிக்க முடியாதவை. ஒரே குடையின் கீழ் எடை இருமடங்கானால் இறங்கும் வேகம் ஏறத்தாழ 1.4 மடங்காகும். ஆனால், தரையில் மோதும்போதுள்ள இயக்க ஆற்றலோ நான்கு மடங்காகும். சிறிய பிழையும் பெருங்கேடாகும் என்பது இதனால் விளங்கும்.

இன்றைய வான்குடை

இன்று விளையாட்டாக விண்ணிலிருந்து குதிப்போர் பெரும்பாலும் செவ்வக வடிவக் குடையையே பயன்படுத்துகின்றனர். அதன் முன்விளிம்பின் வழியே காற்று புகுந்து அறைகளை நிரப்ப, அது பறவையின் சிறகுபோல் வடிவம் பெறுகிறது. திடீரென விரிந்து உடலை உலுக்காதவாறு, கயிறுகளின் வழியே மெல்லச் சறுக்கி இறங்கும் சிறு துணியொன்று விரிதலைத் தாமதப்படுத்துகிறது. முதன்மைக் குடை பழுதானால் உதவ, முதுகிலுள்ள அதே பையில் மாற்றுக்குடையும் இருக்கும். குதித்தவர் நினைவிழந்தாலும் குறித்த உயரத்தில் மாற்றுக்குடையை விரிக்கும் தானியங்கிக் கருவியும் உண்டு.

இத்தனை காப்புகள் இருந்தும், குடையைத் தேர்ந்தெடுப்பதில் அதே பழைய கணக்கே முன்நிற்கிறது. குதிப்பவரின் எடையைக் கருவிகளின் எடையோடு கூட்டி, அதைக் குடையின் பரப்பால் வகுத்துப் பார்க்கின்றனர். இந்த ஈவு சிறிதாயின் குடை மெல்ல இறங்கும். பெரிதாயின் விரைந்து பாயும். ஆகவே புதியவர்களுக்குப் பெரிய குடையே வழங்கப்படுகிறது. பழகியவர் படிப்படியாகவே சிறிய குடைக்கு மாறுகின்றனர். தன் திறனுக்கு மீறிய சிறுகுடையைத் தேர்ந்து, தரைக்கு அருகில் விரைந்து திரும்ப முயன்றவர்கள் பழுதற்ற குடையின் கீழேயே உயிரிழந்ததும் உண்டு. அங்கே தவறியது துணியன்று, தேர்வே ஆகும்.

கார்னெரினின் துணிவை உலகம் போற்றுகிறது. அத்துணிவினும் மேலானது, வெற்றி பெற்ற அன்றே வெளிப்பட்ட குறையை மூடிமறைக்காமல் அதன் காரணத்தை ஆராய்ந்த மனப்பாங்கு. அவர் நாளில் ஆடிய குடையிலிருந்து இன்று சீராக மிதக்கும் குடை வரை உள்ள தொலைவை, அந்த ஆராய்ச்சியே படிப்படியாகக் கடந்தது. காக்கும் கருவியை முழுமையாக நம்புவதற்கு முன், அது எங்கே தவறக்கூடும் என அறிந்திருப்பதே உண்மையான பாதுகாப்பு.